பொட்டு வைத்த கேமரா

உலகத்தில் தவறே செய்யாதவர்கள் இருவர். ஒருவர் கடவுள், அவரோடு எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. இன்னொருவர், போடியில் எங்கள் பட்டறை எந்திரத்தின் உச்சியில் இருக்கும் கேமரா. அதற்கு நான்தான் ‘தலைமைக் கண்காணிப்பாளர்’. நாற்பது வருஷம் ஏலக்காயை நிறம் பார்த்துத் தரம் பிரித்த கண் என்பதால் இந்தப் பதவி.

எந்திரம் உலோகத் தூளை மாவு மாதிரி பரப்பும். லேசர் ஒளி அதை உருக்கும். மறுபடி தூள், மறுபடி ஒளி. அடுக்கடுக்காகச் சாமான் வளர்ந்துவிடும். உருகுவதை மேலிருந்து கேமரா ஓயாமல் படம் எடுக்கும். உருகல் கொஞ்சம் பிசகி ஓட்டை விழுந்தாலும் மணி அடிக்கும், எந்திரம் நிற்கும், கூட்டம் கூடும். முதல் மாதம் பதினேழு மணி, பதினேழு கூட்டம், பதினேழு தட்டு வடை. முதலாளி லிங்கேஸ்வரன் வடை தின்றும் இளைத்தார்.

ஆயுத பூஜை வந்தது. தராசு முதல் ஜீப்பு வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கண்ணுள்ள எந்திரத்தை விடலாமா? கேமராவின் கண்ணாடி நிறையச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

அன்றோடு மணி ஓய்ந்தது! நாற்பது லட்சம் படங்கள். அத்தனையும் ஒரே நிறம், ஒரு புள்ளி பிசகில்லை. ‘பூரண அமைதி உருகல்’ என்று சான்றிதழ் அடித்து மாட்டினோம்.

அப்போதுதான் மலைத்தோட்டத்திலிருந்து ஏலக்காய்க்காரி மகாராணி முதலாளியிடம் வந்தாள்.

“அப்பு, காய் உலத்துற காத்தாடிச் சக்கரம் ஒடஞ்சு போச்சு. பறிச்ச காய் ஐநூறு கிலோ கெடக்கு. நாளைக்குள்ள காத்து ஓடலேன்னா அம்புட்டும் கறுத்துரும். வெரசா செஞ்சு குடு.”

“கவலய விடு ஆத்தா. ஒன் சக்கரத்த லட்சம் போட்டோ எடுக்கப் போறோம். ஒன் கல்யாணத்துக்கு எத்தன எடுத்தாக?” என்றார் லிங்கேஸ்வரன்.

“பதினாறு. அதுல பத்துல மாப்ள கண்ண மூடிட்டு நிக்கிறாரு.”

சக்கரம் தயாரானது. கூடவே முந்நூறு பக்க அறிக்கை. மறுநாள் காலை மகாராணி சாக்கில் சக்கரத்தின் இரண்டு துண்டுகளோடு இறங்கினாள். உடைந்த இடமெல்லாம் ஏலக்காய் பருமனுக்கு ஓட்டை.

“அறிக்கையில ஓட்டையே இல்லையே ஆத்தா!” என்றார் முதலாளி.

“அப்ப அறிக்கைய மாட்டிச் சுத்தவா?”

சொன்னவள் ஸ்டூலில் ஏறி, கேமராவை உற்றுப் பார்த்தாள். “எந்தப் புண்ணியவான்யா இதுக்குக் கண்ண அடச்சது?” என்று முந்தானையால் துடைத்தாள். உள்ளே வேறொரு சாமான் உருகிக்கொண்டிருந்தது. மணி அலறியது.

“ஐயோ, நல்லாருந்த கேமராவக் கெடுத்துட்டியே!” என்று தலையில் கைவைத்தார் லிங்கேஸ்வரன்.

என் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. கேமராவை வெளியாள் தொட்டதே குற்றம் என்று தீர்ப்பானது. இப்போது வெள்ளிதோறும் புதுச் சந்தனம்.

மகாராணியின் ஐநூறு கிலோவும் கறுத்துவிட்டது. தரம் பார்க்க என்னிடமே கொண்டுவந்தாள். பார்த்ததும் நிறம் பிடிபட்டது. நாற்பது லட்சம் படத்திலும் இதே கறுப்பைப் பார்த்துத்தான் ‘குறையேதுமில்லை’ என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.