அந்த டிராயர் என்னுடையதுதான்

என்னைப் போன்ற ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. வேலை செய்யும் இடத்தில் நாலு பேர் 'சார்' என்று கூப்பிட்டால் போதும், உலகத்தில் உள்ள அத்தனை ரிப்பேரும் நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வோம். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். முப்பது பேர் என்னை சார் என்கிறார்கள். (வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை.) அந்த வியாதி முற்றிப்போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு டாய்லெட் முன்னால் மண்டி போட்டேன்.

அந்த டாய்லெட் நைனாவுக்காக வைத்தது. (அப்பாவை நாங்கள் நைனா என்போம்.) முப்பது வருஷம் தோல் பதனிடும் டேனரியில் ஈரத் தோலைத் தூக்கிப் போட்டவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பெட்பேன் வைத்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழுதார். வீட்டுக்கு வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"குமாரு, அத மட்டும் வெக்காத. மருமவ அள்ளிக் கொட்டுறத என்னால பாக்க முடியாது. எப்டியாவது நானே நடந்து போய்டுவேன்."

பழையதை உடைத்து வெஸ்டர்ன் போட்டேன். சுவரைப் பிடித்துப் பிடித்து அவரே போவார், அவரே வருவார். அவரிடம் மிச்சம் இருந்த கௌரவம் அந்தப் பத்தடி நடைதான்.

அதுதான் அன்று அடைத்துக்கொண்டது. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் ஒன்றரை பக்கெட் மேலே வந்தது. பிளம்பரின் போன் சுவிட்ச் ஆஃப். ஹார்டுவேர் கடை லீவு. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு டாய்லெட்.

உடனே நான் செய்த முதல் காரியம் ரிப்பேர் இல்லை, விசாரணை. கம்பெனியில் ஒரு ஜோடி ரிஜெக்ட் ஆனால் யார் தப்பு என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். "எவ இன்னாத்த போட்டது?" என்று கத்தினேன். என் மனைவி செல்வி, "எனக்கு இன்னாங்க தெரியும்?" என்றாள். அடுத்து, பத்தாவது படிக்கும் என் மகள் பக்கம் திரும்பி, வயசுப் பெண்ணிடம் ஒரு அப்பன் கேட்கக்கூடாத கேள்வியைத் தெருவுக்கே கேட்கும்படி கேட்டேன். அவள் அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

நைனா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்வி கொடுத்த காபியைத் தொடவில்லை. "வோணாம்மா" என்றார். கோபம் போல என்று நினைத்தேன். காபி குடித்தால் அவசரம் வரும் என்று பயந்துதான் குடிக்கவில்லை என்பது என் மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை.

விசாரணை முடிந்து இன்ஜினியரிங்குக்கு வந்தேன். வீட்டில் ஷூவின் அடிப்பாகத்துக்குப் போடும் தடித்த தோல் ஒரு துண்டு கிடந்தது. வட்டமாக வெட்டி, கிண்ணம் போல வளைத்து, மாப்புக் குச்சியின் முனையில் சொல்யூஷன் தடவி ஒட்டினேன். அடைப்பு எடுக்கும் பம்பு ரெடி. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு இக்பால் பாயிடம் பெருமையாகக் காட்டினேன்.

"தோஸ்த், தோலு தண்ணில ஊறுமே?" என்றார் பாய்.

"நீங்க சும்மா இருங்க பாய். இருவது வருஷமா நமக்கு இதே வேலை."

இரண்டு குத்து நன்றாகத்தான் போனது. பத்தாவது குத்தில் குச்சி மட்டும் கையோடு வந்தது. தோல் உள்ளேயே தங்கி, ஊறி, உப்பி, ஓட்டையைக் கச்சிதமாக மூடிக்கொண்டது. ஊறினால் தோல் உப்பும் என்பது ஆம்பூரில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. பாய் சுவரில் சாய்ந்து சிரித்தார். மணி பதினொன்று. நைனா காலைச் சேர்த்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேறு வழியில்லை. கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, முழங்கை வரை விட்டேன். முதலில் தோல் வந்தது. அதற்குப் பின்னால் துணி. இழுத்தேன். கோடு போட்ட டிராயர் ஒன்று முழுசாக வந்தது. தண்ணீர் மடமடவென்று இறங்கிப்போனது.

'அகப்பட்டுக்கிட்டாங்கடா' என்று வெற்றியோடு திரும்பினேன். கதவு திறந்திருந்தது. நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையில் தொங்கியதைப் பார்த்தார்.

"ராத்திரி தெரியாம டிராயர்லயே போய்ட்டேன் குமாரு. அலசிப் பாத்தேன். ஒத்தக் கையால தொவைக்க வரல. உள்ள போட்டு தண்ணி ஊத்திட்டேன்" என்றார். பிறகு மெதுவாக, "புள்ளைய திட்டாதடா" என்றார்.

எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது. காலையிலிருந்து நான் கத்தியது முழுவதையும் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

வெளியே செல்வியின் குரல். "இன்னாங்க வந்துச்சு?"

நைனாவும் நானும் ஒரே மாதிரி கோடு போட்ட டிராயர்தான் போடுவோம். செல்விதான் மொத்தமாக வாங்குவாள். அது கடவுள் புண்ணியம். "என் டிராயர்தான்! குளிக்கும்போது உள்ள விழுந்திருக்குது" என்று கத்தினேன்.

"அடப்பாவி மனுஷா! உன்னுத நீயே போட்டுட்டு புள்ளைய அழ வெச்சியா?" என்றாள் செல்வி. பாய் சிரிப்பில் கீழேயே உட்கார்ந்துவிட்டார். டிராயரை ஒரு பக்கெட்டில் எறிந்துவிட்டு, மகளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நைனா போய்விட்டு வந்து, ஆறிப்போன காபியைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அன்றிலிருந்து அந்தக் கதை எங்கள் குடும்பச் சொத்து. வீட்டுக்கு யார் வந்தாலும் செல்வி ஆரம்பித்துவிடுவாள். நான் தோலை ஒட்டியது, பாய் எச்சரித்தது, கடைசியில் என் டிராயர். எல்லோரும் சிரிப்பார்கள். நைனா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு இடது கையால் என் முழங்காலைத் தடவுவார்.

போன வருஷம் நைனா போய்விட்டார். போன வாரம் அவர் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தோம். செல்வி ஒரு டிராயரை எடுத்து இடுப்புப் பட்டியை இழுத்துப் பார்த்தாள்.

"மாமாவுக்கு கை விழுந்தப்புறம், ஒத்தக் கையால முடிச்சி போட முடியாதேன்னு நாடாவ உருவிட்டு எலாஸ்டிக் கோத்தது நானு. உங்களுதுல நாடாதான்."

நான் கையிலிருந்த வேட்டியைக் கீழே வைத்தேன்.

"பக்கெட்ல பாத்தப்பவே தெரியும்ங்க."

"அப்புறம் ஏண்டி வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் என் மானத்த வாங்கின?"

"மாமா காதுல விழட்டும்னுதான். எனக்குத் தெரியாதுன்னு அவுரு நெனச்சிக்கணும் இல்ல?"

சொல்லிவிட்டு அந்த டிராயரை மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடித்தாள். நான் அழுதேன். அவளும் அழுதாள்.

அடுத்த மாசம் நைனாவுக்கு முதல் திதி. சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் செல்வி அந்தக் கதையை ஆரம்பிப்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், என்னுடையதுதான் என்பேன்.