சம்பந்திக்குப் பிடித்த ஸ்டேக்

“எதுல வேணும்?” என்றார் கறிக்கடைக்காரர்.

“ஸ்டேக்குலதான்,” என்றார் எலக்ட்ரீஷியன்.

“அது கறியோட பேரு இல்லண்ணே, வெட்டுற தினுசு. தடிமனா ஒரே வில்லையா வெட்டினா ஸ்டேக். மாட்டுலயும் வெட்டலாம், மீன்லயும் வெட்டலாம்.”

எலக்ட்ரீஷியன் திருதிருவென விழித்தார். மகள் விரும்பும் பையன் போனில் சொன்னது ஒன்றுதான்: “எங்க அப்பாவுக்கு ஸ்டேக்னா உயிர்.” பையனின் பெற்றோர் இன்று முதன்முதலாகச் சாப்பிட வருகிறார்கள். விருந்து சொதப்பினால் கல்யாணமும் சொதப்பிவிடும் என்று மகள் காலையிலிருந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மாட்டுக்கறியில் பெரிய வில்லையாக வாங்கி வந்தார். கைகால் கழுவித் திரும்புவதற்குள் மனைவி அதைத் துண்டு துண்டாக்கியிருந்தாள்.

“ஏன்டி வெட்டின?”

“முழுசாப் போட்டா உப்பு எப்படி ஏறும்?”

“வெட்டிட்டா அது ஸ்டேக் இல்லடி, வெறும் கறி!”

மறுபடி கடைக்கு ஓடினார். இம்முறை வாணலியைத் தானே பிடித்தார். வீடெல்லாம் புகை. வில்லை வெளியே கரியாகவும் உள்ளே சிவப்பாகவும் வந்தது.

“உள்ள பச்சையா இருக்கு! வந்தவங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறீங்களா?”

“அப்படித்தான் சாப்பிடுவாங்களாம்.”

“யாரு?”

அவருக்கும் தெரியவில்லை. சட்டை மாற்றப் போனார். அந்த இடைவெளியில் வில்லையும் துண்டுகளும் ஒன்றாகக் குக்கருக்குள் போய்விட்டன.

அழைப்பு மணி அடித்தது. மகள் போய்க் கதவைத் திறந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் பையனின் அப்பா ரசித்துச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். பையன் மட்டும் கரண்டியால் பாத்திரத்தின் அடிவரை துழாவினான். அதைப் பார்த்து எலக்ட்ரீஷியன் கைகூப்பினார்.

“மன்னிக்கணும் சம்பந்தி. ஸ்டேக் செய்யத்தான் நினைச்சோம். இப்படிக் குக்கர்ல பஞ்சு மாதிரி வெந்துடுச்சு.”

“எதுக்கு ஸ்டேக்?”

“உங்களுக்கு உயிராமே!”

“எனக்கா? பல் கட்டினதுலேர்ந்து தோசைய விடக் கெட்டியான எதையும் தொடறதில்லையே!”

பையன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவன் அம்மா சிரித்துவிட்டாள்.

“ஆசை இவனுக்கு. எது வேணும்னாலும் அப்பா பேர்லதான் கேப்பான். ‘அப்பாவுக்குப் பொண்ண ரொம்பப் பிடிச்சுப்போச்சு’ன்னு சொல்லித்தான் என்னைச் சம்மதிக்க வச்சான். இவரானா, உங்க பொண்ணு வந்து கதவத் திறந்ததும், ‘யாரு இது?’ன்னு என் காதுல குசுகுசுன்னு கேட்டார்!”