சகலைக்குப் போட்ட லென்ஸ்

எட்டாவது தடவையும் நூல் ஊசியின் காதை விட்டுவிட்டு மாஸ்டரின் கட்டைவிரலில் போய் முட்டியது. நூல் முட்டினால் வலிக்காது. ஆனால் அதே நேரத்தில் தெருவின் எதிர்ப்பக்கத்துக் கடையில் சகலை ஊசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கண்ணாடி கூடப் போடாமல், ஒரே இழுப்பில் நூலை இழுத்துக் காட்டினார். மாஸ்டருக்கு அது புகைமூட்டமாகத்தான் தெரிந்தது. வாடிக்கையாளர்களின் கைதட்டல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அதுதான் வலித்தது.

இருவரும் ஒரே ஆளிடம் தையல் கற்றவர்கள். அக்கா தங்கையைக் கட்டியவர்கள். எதிரெதிரே கடை போட்டு இருபத்தெட்டு வருடமாக ஒருவர் கல்லாவை ஒருவர் மனதால் எண்ணிக்கொண்டிருப்பவர்கள். வெளியே பார்த்தால் 'அண்ணே', 'தம்பி' என்று ஒரே குழைவு. உள்ளே மாஸ்டருக்கு எப்போதும் வயிறு எரிந்துகொண்டே இருக்கும்.

"அவருக்குக் கண்ணுல வச்சிருக்கிற லென்ஸே வேறயாம்," என்றாள் மனைவி, சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிங் டேபிளில் வைத்தபடி. "உள்ள வச்சப்புறமும் வெளிச்சம் அடிச்சு பவரைக் கூட்டிக் குறைக்கலாமாம். தங்கச்சி சொன்னா."

"எனக்கும் புரை விழுந்திருக்குன்னு போன வருஷமே சொன்னாங்களே. அப்ப ஏன் உன் தங்கச்சி சொல்லல?"

"அப்ப நீங்க ஆபரேஷன்னு சொன்னதும் பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பா போட்டுக்கிட்டீங்க. கதவுக்கு வெளிய நின்னு சொல்லச் சொல்றீங்களா?"

மாஸ்டர் சாப்பாட்டுத் தூக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மறுநாளே கண் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன லென்ஸ் வேணும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"என் சகலைக்கு என்ன வச்சீங்களோ அது."

"உங்களுக்கு எது தேவைன்னு கேட்டேன்."

"அதான் சொன்னேனே. அவனுக்கு வச்சது."

டாக்டரம்மா பொறுமைசாலி. நிதானமாக விளக்கினார். லென்ஸை உள்ளே வைத்து, கண் ஆறிய பிறகு ஒரு தனி வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பவரை மாற்றலாம். மூன்று தடவை வரை மாற்றிப் பார்க்கலாம். அதன்பின் அதே வெளிச்சத்தாலேயே பூட்டிவிடுவார்கள். அதுவரை வெயில் பட்டு லென்ஸ் தானாக மாறிவிடாமல் இருக்க, விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

"ஒண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. கிட்டக்க நல்லாத் தெரியணும்னா தூரம் கொஞ்சம் மங்கும். தூரம் நல்லாத் தெரியணும்னா கிட்டக்க மங்கும். பூட்டிட்டா அப்புறம் யார் வந்து கெஞ்சினாலும் மாத்த முடியாது. நீங்க தையல்காரர். கிட்டக்க வச்சுக்கிறதுதான் புத்திசாலித்தனம்."

மாஸ்டரும் புத்திசாலியாகவே தொடங்கினார். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து, ஆறி, முதல் வெளிச்சம் பாய்ச்சியதும் கடைக்கு வந்து ஊசியை எடுத்தார். ஒரே தடவை. நூல் சமர்த்தாக உள்ளே போனது. தன் கைரேகையைப் பார்த்தார். துணியின் ஒவ்வொரு இழையையும் பார்த்தார். சந்தோஷத்தில் காஜாக்காவைக் கூப்பிட்டு அவர் எடுத்த காஜாவில் எத்தனை தையல் என்று எண்ணிக் காட்டினார்.

காஜாக்கா காலையில் இந்தக் கடையிலும் மத்தியானம் எதிர்க்கடையிலும் காஜா எடுத்து பட்டன் வைப்பவர். இந்தக் கடைப் பேச்சை அந்தக் கடையில் பேச மாட்டார், அந்தக் கடைப் பேச்சை இங்கே மூச்சு விட மாட்டார். அதனால்தான் இருபது வருடமாக இரண்டு இடத்திலும் பிழைக்கிறார்.

"நல்லது மாஸ்டர். இப்படியே பூட்டச் சொல்லிருங்க," என்றார் அவர்.

அப்போது தெருவைத் தாண்டி ஒரு குரல் வந்தது. "அண்ணே! உங்க காலர்ல ஒரு வெள்ளை நூல் தொங்குது பாருங்க!"

மாஸ்டர் காலரைத் தடவினார். தொங்கியது.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. "அவனுக்கு ஊசியும் தெரியுது. முப்பதடி தள்ளி என் காலர் நூலும் தெரியுது. எனக்கு மட்டும் அவன் கடை கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கலா இருக்கு. இது என்னடி நியாயம்?"

"உங்களுக்கு எதுக்கு அவர் கடை தெரியணும்?"

இது ஒரு கேள்வியா! கடையில் யார் நுழைகிறான், யார் என்ன துணியோடு நுழைகிறான், அதில் எத்தனை பேர் தன்னிடம் தைத்தவர்கள் என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படி நிம்மதியாகக் கால்சட்டை தைப்பது?

அந்த வாரம்தான் பெரிய ஹோட்டலின் மேனேஜர் வந்தார். வாசல் ஊழியர்கள், சாமான் தூக்குபவர்கள் எல்லோருக்கும் கோட்டு வேண்டும். மொத்தம் அறுபது. வருடா வருடம் புதுசு. "ரெண்டு கடையிலயும் துணி குடுத்திருக்கேன். ஆளுக்கு ஒரு மாதிரிக் கோட்டு தைச்சு வைங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பாக்கிறேன். எது பிடிக்குதோ அவங்களுக்கு ஆர்டர்."

ஆயத்த உடைக் கடைகள் வந்த பிறகு மாஸ்டரின் கடையில் பாதி வேலை கிழிசல் தைப்பதுதான். இந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிமிரும். கிடைக்காவிட்டால் மூடுவதைத் தவிர வழியில்லை. அது எதிர்க்கடைக்குக் கிடைத்துவிட்டால், மூடிய பிறகும் அவருக்குத் தூக்கம் வராது.

மறுநாள் ஆஸ்பத்திரியில், "கொஞ்சம் தூரத்துக்கு மாத்துங்க," என்றார்.

"ஏன், ஊசி தெரியலையா?"

"ஊசி தெரியுது. எதிரி தெரியல."

இரண்டாவது வெளிச்சம். சகலையின் கடை துலங்கியது. பொம்மையில் மாட்டியிருந்த மாதிரிக் கோட்டு தெரிந்தது. ஆனால் இங்கே ஊசியின் காது மறைந்தது. அளவு நாடாவில் மூன்றும் எட்டும் ஒன்றாயின. பரவாயில்லை, தொழில் கைக்குத் தெரியும் என்று மாஸ்டர் தடவித் தடவி பாக்கெட்டை வைத்தார். தைத்து முடித்துப் பொம்மையில் மாட்டினார்.

புதன்கிழமை காலை எதிரே பார்த்தவர் திடுக்கிட்டார். சகலையின் கோட்டில் பாக்கெட் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது.

"காஜாக்கா, ஏன் பாக்கெட்டை அவ்வளவு கீழ வச்சிருக்கான்?"

"அந்தக் கடைப் பேச்சு எனக்கு எதுக்கு மாஸ்டர்?"

"ஹோட்டல்காரன் அவன்கிட்ட மட்டும் ரகசியமா ஏதோ சொல்லியிருக்கான். இல்லேன்னா புது மோஸ்தரா இருக்கணும். அவன் கண்ணுக்குக் கிட்டயும் தெரியும், தூரமும் தெரியும். அவன் தப்பாத் தைப்பானா?"

பிரித்தார். சகலையைவிட ஒரு விரல் கீழே இறக்கி வைத்தார். மத்தியானம் பார்த்தால் சகலையின் பாக்கெட் அதைவிட ஒரு விரல் கீழே நின்றது. மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. மறுபடி பிரித்தார், மறுபடி இறக்கினார். சாயந்தரம் சகலையும் இறக்கியிருந்தார்.

எவ்வளவு இறக்கியிருக்கிறான் என்று துல்லியமாகத் தெரியவில்லையே! வியாழக்கிழமை காலை மூன்றாவது வெளிச்சம்.

"இதுதான் கடைசி," என்றார் டாக்டரம்மா. "இதுக்கு மேல தள்ளினா உங்க கையே உங்களுக்குத் தெரியாது."

"என் கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் டாக்டர். அவன் கைதான் தெரியணும்."

கடைக்குத் திரும்பியவர் சகலையின் மேசை மேலிருந்த சுண்ணாம்புக் கட்டியைக்கூடக் கண்டார். அவர் கோட்டில் இடது கை ஒரு அங்குலம் குட்டை, காலர் ஒருபக்கம் சரிவு, பாக்கெட் கோட்டின் அடிவிளிம்பில். அப்படியே செய்தார். வேகத்தில் கோட்டின் அடியோடு தன் சட்டை முனையையும் சேர்த்துத் தைத்துவிட்டு எழுந்தபோது மிஷினே கூட வந்தது. மனைவிதான் கத்தரிக்கோலோடு ஓடிவந்து விடுவித்தாள்.

"ஏங்க, இது கோட்டா, கோணிப்பையா?"

"உனக்குப் புது மோஸ்தர் புரியாது."

"வெள்ளிக்கிழமை பூட்டப் போறாங்க. மூணு தடவை முடிஞ்சிருந்தாலும், பூட்டுறதுக்கு முன்னாடி கிட்டத்துக்கு மாத்த முடியுமான்னு கேட்டுப் பாருங்க. உங்க தொழில்ங்க."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மாஸ்டர் ஒரு கணம் மங்கலாகத் தெரிந்த தன் கையைப் பார்த்தார். நாற்பது வருடம் கை பழகிய தொழில். ஆனால் தலையைத் தூக்கியபோது, எதிரே சகலை ஊசியை உயர்த்திச் சிரித்தது பல் பல்லாகத் தெரிந்தது. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் போய்த் தூரத்துக்கே பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மேனேஜர் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். சகலையும் தன் கோட்டோடு இங்கேயே வந்துவிட்டார். இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். இரண்டிலும் ஒரே குட்டைக் கை. ஒரே சரிந்த காலர்.

மேனேஜர் தன் உதவியாளருக்கு ஒன்றை மாட்டிப் பார்த்தார். அந்த ஆள் பாக்கெட்டில் கைவிட முயன்று, குனிந்து, இன்னும் குனிந்து, கடைசியில் குந்தி உட்கார்ந்து கைவிட்டார்.

"ஒருத்தர் தப்புப் பண்ணினா கைத்தப்புன்னு விடலாம். ரெண்டு பேரும் அளவெடுத்த மாதிரி ஒரே தப்பு. என்னைக் கேலி பண்றீங்களா?" என்றார் மேனேஜர். "காஜா ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு." துணி மிச்சத்தைக்கூடக் கேட்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

சகலை தன் கோட்டை எடுத்துக்கொண்டார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவைத் தாண்டி, தன் கடைப் பலகையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் நீர் கோத்ததுகூட மாஸ்டருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தன் கண்ணில் கோத்ததுதான் தெரியவில்லை.

"பாத்தீங்களா காஜாக்கா? வேணும்னே தப்பாத் தைச்சு என்னையும் கவுத்துட்டான். கிட்டக்கவும் நல்லாத் தெரியுற கண்ணை வச்சுக்கிட்டு எவனாவது இப்படித் தைப்பானா?"

காஜாக்கா பட்டன் டப்பாவை மூடினார். இரண்டு கடைக்கும் வேலை போன பிறகு எந்தக் கடைப் பேச்சை எங்கே சொன்னால் என்ன என்று நினைத்தாரோ என்னவோ.

"கிட்டக்கவா? உங்க கடை தெரியணும்னு அவரும் அன்னிக்கே தூரத்துக்குத்தான் பூட்டிக்கிட்டாரு மாஸ்டர். ஊசியில நூலைக் கோத்து வைக்கிறது நான், இந்தக் கோட்டை அவரு தைச்சது முழுக்க உங்களைப் பாத்து."