பச்சைக்கோடும் கடைசி ஷெட்டும்

விருதுநகர் மாவட்டத்திலேயே, ஏன், இந்தத் தமிழ்நாட்டிலேயே பச்சைக்கோடு அண்ணாச்சியை விடப் பயந்த மனிதர் கிடையாது. ஊதுபத்தி கொளுத்தினால் நாலடி தள்ளி நிற்பார். கோலி சோடா உடைக்கும் கடைப் பக்கம் போகமாட்டார். தீபாவளிக்கு மூன்று நாள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வீட்டுக்காரம்மாவிடம் சைகையில்தான் சோறு கேட்பார். அப்பேர்ப்பட்டவரைத்தான் எங்கள் முதலாளி வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்த பட்டாசு ஆலைக்கு வேலைக்குக் கூப்பிட்டார். நான் அங்கே சூப்பர்வைசர். பயத்தில் அண்ணாச்சிக்கு அடுத்த இடம் எனக்குத்தான். அது வெளியே தெரியாமல் பதினைந்து வருஷம் ஓட்டியிருந்தேன்.

விருதுநகரில் அவருக்குக் கல்யாண மண்டபங்களில் ஸ்பீக்கர் சரிசெய்யும் வேலை. லேப்டாப்பில் எப்போதும் இரண்டு கோடு ஓடும். சத்தம் எப்படி வரவேண்டும் என்பது பச்சைக்கோடு: அடிச்சத்தம் இவ்வளவு, நடுச்சத்தம் இவ்வளவு, கீச்சுச் சத்தம் இவ்வளவு என்று. மைக் வைத்து அளந்தால் நிஜத்தில் எப்படி வருகிறது என்பது சிவப்பு. சிவப்பு போய்ப் பச்சை மேல் உட்காரும்வரை மனிதருக்குச் சோறு இறங்காது. அதற்காக ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். உள்ளே சத்தத்தைச் சலிக்கும் பத்து டிஜிட்டல் பில்டர். ஒவ்வொன்றும் சத்தத்தின் ஒரு பகுதியை மட்டும் தூக்கும், இல்லை அமுக்கும். பத்துப் பேர் ஒரே ஜமுக்காளத்தைப் பிடித்து இழுப்பது மாதிரிதான். ஒன்றை நகர்த்தினால் பக்கத்தில் இருப்பதும் நகர்ந்து தொலைக்கும்.

ஒரு கல்யாணத்தில் முகூர்த்தமே நெருங்கிவிட்டது. சிவப்பு இன்னும் உட்காரவில்லை. நாதஸ்வரக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, நான் ஊதவா, இல்ல ஒங்க கோடு சம்மதிக்கட்டுமா?"

"ஒரு ரெண்டு நிமிசம். நாலாவது பில்டர் மட்டும் முறுக்கிக்கிட்டு நிக்குது."

மாப்பிள்ளையின் மாமா வந்து பெட்டியின் வயரைப் பிடுங்கிய பிறகுதான் தாலி ஏறியது.

எங்கள் ஆலையில் பிரச்சினை வேறு. இடி இறங்குகிற நேரத்தில் வெடிமருந்து இருக்கும் ஷெட்டுக்குள் ஆள் இருக்கக் கூடாது. மேகம் கூடினால் நான் மைக்கில் சொல்வேன். எல்லாரும் போட்டது போட்டபடி கேட்டுக்கு வெளியே உள்ள சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். அங்கே ஆள் எண்ணுவேன். ஆனால் கடைசி ஷெட்டுக்கும் எங்களுக்கும் நடுவே பாதுகாப்புக்காகப் போட்ட மண்மேடு. என் குரல் அதைத் தாண்டி வெறும் இரைச்சலாகத்தான் போய்ச் சேரும். அங்கே மருந்து அடைப்பவர் சண்முகத்தாயக்கா. இத்தனை வருஷ வெடிச்சத்தத்தில் அவர் காதும் பாதி போயிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஆள் ஓடித்தான் அவரைக் கூட்டிவர வேண்டும்.

"பெரிய ஸ்பீக்கரா ஒண்ணு மாட்டிருவோம்" என்றார் முதலாளி.

"சத்தம் எம்புட்டோ இருக்கு மொதலாளி" என்றார் அண்ணாச்சி. "சொல்லுதான் வந்து சேரல. கீச்சுப் பகுதியெல்லாம் மேட்டுலயே நின்னுருது. அங்கன வெச்சு அளந்து, கொறையுறத மட்டும் தூக்கி விட்டாப் போதும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். ஆலை காலி. ஷெட்டெல்லாம் கழுவிவிட்டு, மருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை. லேப்டாப்பைக் கேட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. மைக்கை மட்டும் நீள வயரில் இழுத்துப்போய்க் கடைசி ஷெட் வாசலில் வைக்க வேண்டும்.

"சார், நீங்க கொண்டு போங்க. நான் இங்கன இருந்து பாத்துக்கிடுறேன்."

"நீங்க வந்தா என்னவாம்?"

"கை நடுங்குனா கோடும் நடுங்கும் சார்."

போனேன். வேப்பமரம் தாண்டித் தண்ணித்தொட்டி வரை கால் நடந்தது. அதற்குமேல் மாட்டேன் என்றுவிட்டது. காலியான ஷெட்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் ஆள் அரவமே இல்லாத அந்த வெயிலில், மண்மேட்டுக்குப் பின்னால் அது இருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது. தொட்டிக்குப் பின்னால் நின்று, மிச்ச வயரைச் சுருட்டி ஒளித்துவிட்டு, மைக்கில் சொன்னேன்: "கடைசி ஷெட்டுல வெச்சாச்சு அண்ணாச்சி."

அவர் அளக்கும் சத்தத்தை விட்டார். அடிவயிற்றிலிருந்து கிளம்பிக் கீச்சென்று முடியும் நீளமான ஊளை. வேலிப் பக்கம் மேய்ந்த ஆடுகள் ஒன்றுகூட நிற்கவில்லை. வாட்ச்மேனை அப்புறம் பஸ் ஸ்டாப்பில் தேடிப் பிடித்தோம்.

மூன்று மணி நேரம் பில்டர்களோடு பஞ்சாயத்து நடந்தது. "ஆறாவத அகலமாக்குனா ஏழாவது கோவிச்சுக்கிடுது" என்று புலம்பினார். கடைசியில் சிவப்பு பச்சை மேல் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனி அந்தக்காவ யாரும் ஓடிப்போய்க் கூப்பிட வேண்டாம் சார்."

எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கவில்லை. வெறும் ஷெட்டுக்குச் சூப்பர்வைசர் பயந்தான் என்று தெரிந்தால் சிவகாசியே சிரிக்கும்.

அந்த வாரம் சண்முகத்தாயக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் கடைசி ஷெட் பூட்டிக் கிடந்தது. வியாழக்கிழமை வேலைக்கு வந்தார். அன்று மத்தியானமே மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. பில்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட அண்ணாச்சியும் வந்திருந்தார். மைக்கில் சொன்னேன். ஷெட் ஷெட்டாக ஆட்கள் வந்தார்கள். எண்ணினேன். ஒன்று குறைந்தது. இன்னொரு தடவை எண்ணினேன். கடைசி ஷெட்டிலிருந்து யாரும் வரவில்லை.

"ஆள அனுப்புவோம்" என்றேன்.

அண்ணாச்சி, ஒரு கண்ணை மேகத்தின் மேல் வைத்துக்கொண்டே, என் கையைப் பிடித்து நிறுத்தினார். "எதுக்கு இன்னொரு உசிர உள்ள விடுறீக? அங்கனயே வெச்சு அளந்திருக்கோம். கோடு பொய் சொல்லாது. அந்தக்காவுக்குக் கேட்டிருக்கும், வந்துக்கிட்டு இருப்பாக."

வானம் ஒரு தடவை உறுமியது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மறைத்து வைத்த அந்தப் பாழாய்ப் போன விஷயத்தை நான் சொல்லியே தீர வேண்டும்.

"அண்ணாச்சி, நான் கடைசி ஷெட்டுக்குப் போகல. மேட்டுக்கு இந்தப் பக்கம், தண்ணித்தொட்டியிலேயே நின்னுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன். மனிதர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். ஊதுபத்திக்கு ஒதுங்குகிற ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "யம்மா, யம்மா" என்று கத்திக்கொண்டே ஓடினார். நான் பின்னால் ஓடினேன். பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணித்தொட்டி அருகே என் கால் மறுபடியும் நின்றது. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

மேட்டுக்குப் பின்னாலிருந்து இருவரும் வந்தார்கள். அவர் அக்காவை இழுத்துவர வேண்டியது போய், அக்காதான் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார். "ஏதோ இரைஞ்சுச்சு, வழக்கம்போல ஆள் வருவாகன்னு இருந்தேன்" என்றார் அக்கா. "இந்த அண்ணாச்சி வாசல்ல வந்து நின்னு, பேச்சு வராம அழுதாரு." நாங்கள் கேட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இடி இறங்கியது. வெம்பக்கோட்டை அணைப் பக்கம் ஒரு பனைமரத்தின் தலை போனது. ஆலைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் ஒரு வாரம் காய்ச்சல்.

அண்ணாச்சி முதலாளியிடம் மூச்சு விடவில்லை. "பில்டர் கணக்குல ஒரு தப்பு மொதலாளி, என் பேர்லதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். இந்தத் தடவை லேப்டாப்பை முதலாளி மகனிடம் கொடுத்துவிட்டு, மைக் வயரின் ஒரு பக்கத்தை என் கையில் திணித்தார்.

"தனியா அனுப்புனது என் தப்பு சார். பயந்தவுக ரெண்டு பேரு சேந்து போவோம்."

போனோம். தொட்டி வந்தபோது அவர் கை என் கையைவிட மோசமாக நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச தூரத்தைக் கடந்தேன். அன்று போட்ட பில்டர்தான் இன்றும் ஓடுகிறது. மேகம் கூடினால் சண்முகத்தாயக்கா இப்போது முதல் ஆளாக வந்து நிற்கிறார்.

விருதுநகரில் வானம் இருட்டினால் அண்ணாச்சி எனக்குப் போன் போடுவார். வணக்கம், சௌக்கியம் எதுவும் கிடையாது. "எல்லாரும் வெளிய வந்துட்டாகளா சார்?" என்பார். அவர் போன் அடித்தால் நான் உடனே எடுப்பதில்லை. அது அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று, ஆட்களை முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணிவிட்டுத்தான் எடுக்கிறேன்.