பவுல் என்கிற பிரகாஷ்

மொழி தெரியாத ஊருக்குப் போகிறவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான். ஒவ்வொரு திருப்பத்திலும் யாரையாவது நிறுத்தி வழி கேட்பான். மொழி தெரியும் என்ற தெம்பில் போகிறவன்தான் மாட்டிக்கொள்வான். ஏனென்றால் அவன் யாரையும் கேட்க மாட்டான். நான் இரண்டாவது வகை.

எங்களுக்குச் சொந்த ஊர் மலேசியாவில் ஈப்போ. நான் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி ரோஸ்லின் அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்தவள் (இங்கே நர்ஸ் என்றால்தான் புரிகிறது). பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி வீடு காலியான சமயத்தில், வெளிநாட்டு ஊழியத்துக்கு வயதான தம்பதிகள் தேவை என்று எங்கள் கிறிஸ்தவச் சபையில் அறிவித்தார்கள். கம்போடியாவும் நேப்பாளமும் சென்னையும் பட்டியலில் இருந்தன. மற்றவர்கள் யோசிப்பதற்குள் நான் "சென்னை" என்று கையைத் தூக்கிவிட்டேன்.

"அப்பா, அங்க பேசுற தமிழே வேறலா," என்றாள் என் மகள் கிரேஸ், எங்கள் ஊர் 'லா'வை ஒட்டி.

அவளுக்கு எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு, வட்டார வழக்கு என்று பிரித்துப் பிரித்து விளக்க ஆரம்பித்தேன். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிவிட்டு ஓடினாள். அடுப்பே பற்றவைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அடையாறில் ஒரு குறுகலான தெருவில், முதல் மாடியில் எங்களுக்கு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதும் எங்கள் வேலை. ரோஸ்லின் இரண்டே வாரத்தில் தெருவில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டாள். கீரைக்கார அம்மாவிடம் "இன்னாமா, முளைக்கீர வாடிக்கீது?" என்று பேரமும் பேச ஆரம்பித்துவிட்டாள். நல்ல தமிழ் பேசிக்கொண்டிருந்தவள் இப்படிக் கெட்டுப்போகிறாளே என்று எனக்கு வருத்தம்.

நானோ பூக்காரம்மாவிடம் போய், "பெரிய சடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன் (எங்கள் ஊரில் சாலைக்குச் சடக்கு என்று பெயர்). அவர் என் முழங்காலையே பார்த்தார். "தைலம் தடவு சார், சரியாப்பூடும்" என்றார்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் எங்கள் போதகர் தேவராஜ் எனக்கு முதல் பெரிய பொறுப்பைக் கொடுத்தார். சபையில் பவுல் என்ற பையனுக்குக் கல்யாணம். நாகர்கோவிலில் பெண் வீட்டில் திருமணம் முடிந்துவிட்டது. இங்கே தியாகராய நகரில் வரவேற்பு. போதகர் ஒரு சாவு வீட்டு அடக்க ஆராதனைக்குச் செங்கல்பட்டு போகவேண்டியிருந்தது. விருந்துக்கு முன் மணமக்களை ஆசீர்வதித்து நான் ஜெபிக்க வேண்டும், அதன் பிறகுதான் பந்தி என்றார். பவுல் வெளியூரிலேயே இருந்ததால் நான் அவனைப் பார்த்ததில்லை. மணப்பெண் பெயர் ஷீபா என்றும், பையன் ரொம்ப நாள் வேலையில்லாமல் இருந்து இப்போதுதான் ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றும் போதகர் தகவல் சொன்னார். அதைச் சபையில் சொல்லச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

"வழி சொல்லிடறேன் ஐயா. பனகல் பார்க் தாண்டினா ஒரு பேங்க் வரும். பேங்குக்கு இந்தாண்ட ஒரு மண்டபம், அந்தாண்ட ஒரு மண்டபம். நம்மளது அந்தாண்ட."

அந்த, அண்டை என்று மனதுக்குள் சொல்லைப் பிரித்துப் பார்த்து மகிழ்ந்தேன். எவ்வளவு அழகான சொல்!

ரோஸ்லின் மற்ற பெண்களோடு மதியமே வேனில் போய்விட்டாள். நான் கோட்டு அணிந்து, வேதாகமத்தைத் தோல் பையில் வைத்து, மேடையில் மணி அடிக்கக்கூடாது என்று போனையும் ஊமையாக்கிவிட்டு ஆட்டோ ஏறினேன். பனகல் பார்க் பக்கம் ஒரே நெரிசல் என்று சொல்லி ஓட்டுநர் எங்கெங்கோ சுற்றி, எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தத் தெருவுக்குள் நுழைந்தார். பேங்க் தெரிந்தது. அதற்கு இரு பக்கமும் விளக்கு போட்ட மண்டபங்கள்.

"அந்தாண்ட மண்டபத்தில் நிறுத்துப்பா," என்றேன், ஊர்க்காரன் போல.

"அந்தாண்டதான நைனா? ரைட்டு."

பேங்கைத் தாண்டி நிறுத்தினார். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் அந்தாண்டை இந்தாண்டை ஆகிவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வாசலில் ரோஜாப்பூவால் பெரிதாக இரண்டு ஆங்கில எழுத்துகள்: பி, எஸ். பவுல், ஷீபா. சந்தேகமே இல்லை. பன்னீர் தெளித்தார்கள். சந்தனமும் கல்கண்டும் நீட்டினார்கள். தமிழ்ப் பண்பாட்டை விடாத சபை என்று பெருமையாக இருந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. சென்னைக்காரர்கள் எதற்கும் தாமதமாகத்தான் வருவார்கள் என்று தீர்மானித்தேன். ரோஸ்லின் சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பாள்.

பட்டு வேட்டி கட்டிய ஒருவர் ஓடிவந்தார். "வாங்கோ, வாங்கோ! எங்கேர்ந்து வரேள்?"

"மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன். மணமக்களை ஆசீர்வாதம் பண்ண வேண்டும்."

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா! பேஷா பண்ணுங்கோ!" என்று கையைப் பிடித்து மேடைக்கே கூட்டிப்போனார். அவர் பெண்ணின் அப்பா ரங்கநாதன். நான் பிள்ளை வீட்டு மனிதன் என்று அவர் நினைத்தார். பிள்ளை வீட்டாரோ பெண் வீட்டு மனிதன் என்று நினைத்தார்கள்.

மேடையின் ஓரத்தில் ஒரு அம்மாள் கச்சேரி செய்துகொண்டிருந்தார். "ஒரு நிமிஷம்" என்று அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டேன். மிருதங்கம் மட்டும் கொஞ்சம் தாமதமாக நின்றது.

"அன்பான பவுல், அன்பான ஷீபா..."

மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, "அங்கிள், நான் பிரகாஷ்," என்று கிசுகிசுத்தான். அவள் சௌம்யா என்றும் சொன்னான்.

வீட்டில் கூப்பிடும் பெயர் போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் விடுகிற ஆளா? "பவுல் என்கிற பிரகாஷ், ஷீபா என்கிற சௌம்யா" என்று திருத்திக்கொண்டு, கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தேன்.

ஸ்தோத்திரம், கிருபை, ஆசீர்வாதம் என்று போனவரை கூட்டம் மரியாதையாகக் கேட்டது. கொஞ்சம் உருக்கமாக ஏதாவது சொல்லலாம் என்று எனக்கு ஆசை வந்தது. அதுதான் வினை.

"ரொம்ப நாள் வேலை வெட்டி இல்லாமல் வீட்டிலேயே முடங்கிக் கிடந்த பவுல் என்கிற பிரகாஷுக்கு, கடைசி நேரத்தில் ஓசூரில் ஒரு வேலையைக் கொடுத்தீரே, அதற்காக ஸ்தோத்திரம்!"

கூடத்தில் ஒரு சலசலப்பு. உருகிவிட்டார்கள் என்று நினைத்து ஒரு கண்ணைத் திறந்தேன். ரங்கநாதன் சம்பந்தியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வேலையில்லாம இருந்தாரா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே!"

"எவன் சொன்னான்? ஓசூர்ல எங்களுக்கு யாரையுமே தெரியாது!"

"உங்காத்து மலேசியாக்காரர்தானே சொல்றார்!"

"எங்காத்து மனுஷரா? உங்காத்துக்காரர்னு நினைச்சுண்டிருக்கோம்!"

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை முகம் வெளுத்துப்போய், "சௌம்யா, சத்தியமா நான் வேலைக்குப் போயிண்டுதான் இருக்கேன்," என்று பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். ஒரு குடும்பத்தைக் கட்ட வந்தவன், கட்டுவதற்குள்ளேயே பிரித்துவிட்டேனோ என்று பயந்தேன். கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது.

அந்த நேரத்தில் வாசலில் ரோஸ்லின். என்னைத் தேடித் தெருவில் இறங்கியவள், பக்கத்து மண்டபத்திலிருந்து என் குரல் ஒலிபெருக்கியில் வருவதைக் கேட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். நேரே மேடை ஏறினாள்.

"ஏங்க! இது நம்ம கல்யாணம் இல்லீங்க!"

மைக் என் கையில் இருந்ததால் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது.

முதலில் சிரித்தது மணப்பெண்தான். சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் அந்தத் தங்க நிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மாப்பிள்ளை. பிறகு மிருதங்கக்காரர். ரோஸ்லின் நடந்ததைச் சொல்லச் சொல்ல, சம்பந்திகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பாடகியிடம் கேட்டபோது, "பரவால்ல சார், எனக்கும் தொண்டை வறண்டு போச்சு," என்றார்.

"சாப்பிடாம போகப்படாது," என்றார் ரங்கநாதன்.

"அங்க ஒரு மண்டபமே இவரு ஜெபத்துக்காகப் பசியோட உக்காந்திருக்குங்க," என்றாள் ரோஸ்லின்.

"அப்போ நானே கொண்டு விடறேன். இல்லேன்னா மறுபடி வேற எங்கேயாவது ஏறிடுவார்!" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பக்கத்து மண்டபத்தில் பிரியாணி வாசனை வாசல் வரை வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் கிறிஸ்தவ அன்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. மைக்கை வாங்கினேன். மணமக்களின் பெயரைச் சொல்லப் பயமாக இருந்தது. வேலை பற்றி வாயே திறக்கவில்லை. "ஆண்டவரே, இவர்களை ஆசீர்வதியும். இந்த உணவுக்காக நன்றி. ஆமென்." என் வாழ்நாளிலேயே மிகச் சிறிய ஜெபம் அதுதான். அதற்குக் கிடைத்தது போல ஒரு ஆமென் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை. வாசலில் நின்ற ரங்கநாதனும் சேர்ந்து சொன்னார்.

ரங்கநாதன் வீடு மயிலாப்பூரில்தான். அடுத்த வாரமே எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இப்போது அந்த வீட்டில் எல்லோருக்கும் ரோஸ்லின்தான் ரத்த அழுத்தம் பார்க்கிறாள். சௌம்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, எங்களை அழைத்துப்போக ரங்கநாதன் காரை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். எங்கள் ஊழியக் காலம் முடிந்ததும் திரும்பிப் போகச் சொன்னார்கள். இன்னும் ஒரு தவணை இருக்கிறோம் என்று எழுதிப் போட்டோம். இந்த முறை கையைத் தூக்கியது ரோஸ்லின்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு சொல்லின் பொருள் நிரந்தரமாக மாறிவிட்டது. போன மாதம் நாங்கள் அனுப்பிய முறுக்குப் பொட்டலம் ஈப்போவில் வேறு யாரோ வீட்டுக்குப் போய்விட்டது. கிரேஸ் போனில் சொன்னாள், "அம்மா, முறுக்கு ஜெபம் பண்ணப் போயிடுச்சுலா." நேற்று ரோஸ்லினின் மூக்குக்கண்ணாடி குளிர்பெட்டிக்குள் அகப்பட்டது. "இங்க வந்து ஜெபம் பண்ணிக்கினு கீது பாருங்க," என்று எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இத்தனை வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், என் பங்குக்கு மொழிக்குச் சேர்த்தது இது ஒன்றுதான்.