கிள்ளானில் இறங்காத மாப்பிள்ளை

விடுதி நடத்துகிறவர் வீட்டில் வேலை குறைவான தம்பி ஒருவன் இருந்தால், அவனுக்கு யோசனைகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் ஒன்றையாவது செய்து பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் அந்தத் தம்பி நான்தான், பெயர் வேலு.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில். என் அண்ணன் சிதம்பரமும் அண்ணி செல்லம்மாவும் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு விடுதி வைத்திருந்தார்கள். கீழே சாப்பாடு, மாடியில் தங்கும் அறைகள். அண்ணியின் கைப்பக்குவத்துக்காகவே பினாங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வருகிறவர்கள் எங்களிடம் தங்குவார்கள். எதிரே புதிதாக ஒரு விடுதி வரும்வரைதான் அந்தச் சீரெல்லாம். அவர்களிடம் மின்விசிறி இருந்தது, பாட்டுப் பெட்டி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொப்பி போட்ட ஓர் ஆள் கோலாலம்பூர் ஸ்டேஷனில் நின்று, வருகிறவர்கள் கையிலிருக்கும் பெட்டியைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு நடப்பார். பெட்டி போகும் வழியில் ஆளும் போய்த்தானே ஆக வேண்டும்? கொஞ்ச நாளில் எங்கள் மாடியில் ஒரு பூனை மட்டும் தங்கியிருந்தது.

அண்ணன் சுவருக்கு வெள்ளை அடித்தார். அண்ணி இலையில் ஒரு கறி கூட வைத்தார். கூட்டம் வரவில்லை. இதே நிலைமை நீடித்தால் தைப்பூசத்துக்குப் பிறகு கடையை மூடிவிடலாம் என்று அண்ணன் ஒருநாள் மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் நான் என் யோசனையை எடுத்து வைத்தேன்.

"அவன் கோலாலம்பூர்ல நிக்கிறான். நாம அதுக்கு முன்னாலேயே, கப்பல் வர்ற இடத்துலேயே ஆளைப் புடிச்சிரணும்ணே. ரயில்ல ஏத்துனதுலேருந்து நம்ம கடை வாசல் வரைக்கும் நான் விடவே மாட்டேன்."

"புடிக்கிறதுக்கு அவங்க என்னடா கோழியா?" என்றார் அண்ணன்.

"ஆசையாச் சொல்லுது. ஒரு தடவ போயிட்டு வரட்டும்லா," என்று அண்ணி எனக்காகப் பரிந்து பேசினார். (இதைப் பிற்காலத்தில் அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.)

மறுநாள் விடியலில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போய் நின்றேன். அண்ணனின் கோட்டைப் போட்டிருந்தேன். என் விரல் நுனிகூட வெளியே தெரியாத கோட்டு அது. பினாங்குக் கப்பல் வந்தது. சீனர்கள் இறங்கினார்கள், மலாய்க்காரர்கள் இறங்கினார்கள், கடைசியில் நம்மவர்கள் ஒரு குடும்பமாக இறங்கினார்கள். முன்னால் ஜரிகைத் துண்டு போட்ட ஒரு பெரியவர், பின்னால் ஓர் அம்மா, அவர்களுக்கு நடுவில் மெலிந்த ஓர் இளைஞர். பெட்டிகளும் துணி சுற்றிய தட்டுகளும் ஏராளம். பாத்திர வியாபாரிகள் என்று முடிவு செய்தேன். வியாபாரிகள் என்றால் நாள்கணக்கில் தங்குவார்கள்.

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்," என்று ஓடினேன்.

பெரியவர் முகம் மலர்ந்தது. "ஆள் வரும்னு எழுதியிருந்தாங்க. நீங்கதானா தம்பி? யாரு அனுப்புனது?"

"அண்ணன்தான் அனுப்புனாரு."

"பாத்தியாக்கா? அண்ணனே ஆள் அனுப்பியிருக்காரு," என்று அவர் அந்த அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். (எந்த அண்ணன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உலகத்தில் அண்ணன்களுக்கா பஞ்சம்?)

கோலாலம்பூருக்கு டிக்கெட்டை நானே வாங்கினேன். பெட்டிகளை நானே தூக்கினேன். ரயில் புறப்பட்டதும் பெரியவருக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது.

"தம்பி, கிள்ளான்லல்ல இறங்கணும்னு சொன்னாங்க?"

வழியிலேயே ஆளை இறக்கிக்கொள்ளும் போட்டிக்காரன் எவனோ கிள்ளானிலும் முளைத்துவிட்டான் என்று நினைத்தேன். "அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க இறங்கிராதீங்க. நம்ம எடம் பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கதான் வசதி. எல்லாரும் இப்ப அங்கதான் வர்றாங்க."

"ஓ, எடத்தையே மாத்திட்டாங்களா!" என்றார் பெரியவர். "பெரிய எடமோ?"

"மாடி இருக்குங்க."

மாடி என்றதும் அந்த அம்மா திருப்தியாகத் தலையசைத்தார்.

கிள்ளான் ஸ்டேஷனை நெருங்கும்போதே நாதஸ்வரம் கேட்டது. எங்கே போட்டிக்காரன் எட்டிப் பார்த்துவிடுவானோ என்று நான் எங்கள் பக்கத்து ஜன்னல் பலகைகளையெல்லாம் இறக்கிவிட்டேன். இளைஞர் மட்டும் இடுக்கு வழியாகப் பார்த்தார். பட்டுச் சட்டைகள், மாலைகள், பன்னீர்ச் செம்பு, குடை.

"யாருக்கு இந்த வரவேற்பு?" என்று கேட்டார்.

"யாரோ கல்யாணக்காரங்க. நமக்கென்ன?" என்றேன்.

"நல்லா வாசிக்கிறாங்க," என்றார் அவர். ரயில் நகர்ந்தது. மேளச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவர் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் தொப்பிக்காரரைத் தாண்டி இத்தனை பேரை நடத்திப் போனபோது இருந்த மிடுக்கு அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை. விடுதி வாசலில் அண்ணன் கண்கலங்கிவிட்டார். அண்ணி வெந்நீர் வைத்து, இலை போட்டு, சாம்பாரும் வாழைப்பூ வடையும் பாயசமும் பரிமாறினார். இளைஞர் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த அம்மா மட்டும் சுற்றுமுற்றும் பார்த்தபடி இருந்தார்.

"பந்தல் போடலியா தம்பி?"

"ஓட்டுக் கூரைம்மா. ஒரு சொட்டு ஒழுகாது. பந்தல் எதுக்கு?" என்றேன் பெருமிதத்தோடு.

கை கழுவி வந்த பெரியவரிடம் அண்ணன் பணிவாகக் கேட்டார். "எத்தன நாள் தங்குறதா உத்தேசம்?"

"நாளைக்குக் காலையில கல்யாணம். அது முடிஞ்சதும் பொண்ண அழைச்சிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

"நல்ல காரியம். யாருக்குக் கல்யாணம்?"

பெரியவர் சிரித்தார். "மச்சானுக்குக் கேலியப் பாரு! ஒங்க தங்கச்சிக்குத்தான்."

"எனக்குத் தங்கச்சி இல்லீங்களே," என்றார் அண்ணன். பிறகு என்னைக் காட்டி, "இவன் ஒருத்தன்தான்," என்றார்.

அண்ணி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை கிள்ளானில் நிச்சயதார்த்தம். நாங்கள் பார்த்துவிட்டு வந்த மேளம் அந்த இளைஞருக்காக வாசிக்கப்பட்ட மேளம். அவர் பெயர் தர்மலிங்கம், பினாங்கில் கிளார்க்கு. அந்த அம்மா அவர் தாய், பெரியவர் தாய்மாமா. உண்மையிலேயே அவர்களை அழைத்துவரப் பெண்ணின் அண்ணன் அனுப்பியிருந்தவர் துறைமுக வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம்.

நான் அந்தக் கோட்டுக்குள்ளேயே முழுசாக மறைந்துபோக முயன்றேன்.

அண்ணன் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு அதற்கு நேரமில்லை. அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் இருட்டிவிடும் என்று, எங்களுக்கு விறகு போடும் ஆ சோங்கை லோரியோடு கூட்டி வந்தார். விஷயத்தைக் கேட்ட ஆ சோங், "போலே லா, போலே லா," என்று மலாயில் சம்மதம் சொல்லி, விறகையெல்லாம் எங்கள் வாசலிலேயே இறக்கிப் போட்டார். அண்ணி மட்டும் சமையலறைக்குத் திரும்பினார்.

"மாப்பிள்ளையக் காணோம்னு நிக்கிற வீட்டுல யாரு அடுப்பு மூட்டியிருப்பா? இருக்கறதையெல்லாம் ஏத்துங்க," என்றார். அண்டாக்களும் லோரியில் ஏறின. கடைக் கதவைச் சாத்தினோம். உள்ளே பூனை மட்டும்.

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் மழை. சக்கரம் சேற்றில் இறங்கியது. நானும் அண்ணனும் தள்ளினோம். அசையவில்லை. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்து, எங்களோடு தோள் கொடுத்தார். லோரி வெளியே வந்தது. சேறு முழுவதும் அவர் மேல்.

கிள்ளானில் பெண் வீட்டு வாசலில் மேளக்காரர்கள் வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா காளிமுத்து, ரயில்வேயில் மேஸ்திரி, பெரிய மீசைக்காரர். மாப்பிள்ளை பெண் பிடிக்காமல் ஓடிவிட்டார் என்று பேச்சு பரவி, அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விறகு லோரியிலிருந்து சேற்றோடு இறங்கிய கூட்டத்தைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்தார்கள். பெரியவர் நடந்ததைச் சொன்னார். காளிமுத்து கையை ஓங்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

"யார்ரா அவன், என் பொண்ணு வாழ்க்கையில வெளையாடுனவன்?"

தர்மலிங்கம் குறுக்கே வந்து நின்றார். "மாமா, அவர அடிக்காதீங்க. எனக்கு வச்ச மேளத்தை நானே ஜன்னல் வழியாப் பாத்தேன். நல்லா வாசிக்கிறாங்கன்னு சொல்லிட்டு சும்மா உக்காந்திருந்தேன். முதல்ல என்னைத்தான் அடிக்கணும்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த நேரத்தில்தான் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாத சிரிப்பு. அதில் காலையிலிருந்து அழுத கரகரப்பும் இருந்தது. மணப்பெண் கமலம்.

தர்மலிங்கம் அதுவரை அவரைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருந்தார். சத்தம் வந்த கதவையே பார்த்தார். சேற்றுக்கு நடுவே அவர் முகம் மலர்ந்ததை அங்கிருந்த எல்லோரும் பார்த்தோம். காளிமுத்துவும் பார்த்தார். கையை இறக்கி மீசையைத் தடவிக்கொண்டு, "மேளத்தை எடுங்கப்பா," என்றார்.

அண்ணி சொன்னது சரிதான், அந்த வீட்டில் அடுப்பு அணைந்து கிடந்தது. எங்கள் அண்டாக்கள்தான் அன்றைய பந்திக்கு. பாயசம் சாப்பிட்ட கிள்ளான்காரர்கள் அண்ணியைத் தேடிவந்து பேசினார்கள். மறுநாள் முகூர்த்தச் சமையலும் அவர் கைக்கே வந்தது. அதற்கடுத்த மாதம் பந்திங்கில் ஒரு கல்யாணம், பிறகு சாலாக் செலாத்தானில் ஒரு காதுகுத்து. தைப்பூசம் வந்தது, போனது. கடை மூடவில்லை. மாடி அறைகளில் கடைசிவரை யாரும் அதிகம் தங்கவில்லை. அண்ணன் அவற்றில் அண்டாக்களை அடுக்கினார்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது தாமதமாக வந்தால், "வேலு கூட்டிட்டு வந்தானா?" என்றுதான் கேட்பார்கள். என் கல்யாணத்தில் என் மாமனாரே அதைக் கேட்டார். மாப்பிள்ளை நான்தான் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

தர்மலிங்கமும் கமலமும் தங்கள் முதல் குழந்தையை அண்ணியிடம் காட்ட வந்தபோது, "வேலு ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். நாங்களே வந்துவிடுகிறோம்," என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். ஆனாலும் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் கமலம் கதவுக்குப் பின்னால் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். தர்மலிங்கம் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை மெதுவாக என் கையில் வைத்தார்.

"தூக்கிக்கிட்டு வா," என்றார். "வழி நான் சொல்றேன்."