நெத்திலியில் முள் எடுத்தவன்

புன்னைக்காயல்

அன்புள்ள ஜோஷுவா மச்சானுக்கு, உங்கள் தங்கை ஸ்டெஃபியின் வீட்டுக்காரன் மத்தியாஸ் எழுதுவது. மாதா கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் மகள் பெனிஷாவின் இடது கையைத் தவிர. மஸ்கட்டில் நீங்களும் சுகமாயிருக்க மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் பாதியில் ஸ்டெஃபி பிடுங்கி, தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

பெனிஷா பள்ளிக்கூட வராந்தாவில் தடுக்கி விழுந்தாள். மற்ற பிள்ளைகள் விழுந்தால் பாவாடையைத் தட்டிக்கொண்டு போகும், இவளுக்குக் கை முறிந்துவிட்டது. திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காயல்பட்டினத்துக்கார டாக்டர் கமர் நிஷா மாவுக்கட்டு போட்டு, ரத்தமும் சோதித்து, சுண்ணாம்புச் சத்து போதாது என்றார். மீன் ஏலம் போடுகிறவன் வீட்டுப் பிள்ளைக்கா என்று எனக்கு மானமே போயிற்று. நானும் விடவில்லை, சின்ன வயதில் அவள் தொண்டையில் முள் குத்திய நாளிலிருந்து எந்த மீனையும் நானே முள் எடுத்துத்தான் ஊட்டுகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு நெத்திலிக்குக்கூட எடுக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"நெத்திலிய முள்ளோட மென்னு திங்கணும், அண்ணாச்சி. அந்த முள்ள எங்கன போடுதிய?"

"பூனைக்கு."

"அப்பம் பூனைக்கு எலும்பு நல்லாத்தான் இருக்கும்."

அது பொய்யில்லை மச்சான். எங்கள் பூனை ஓட்டிலிருந்து குதித்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போலப் போவதைத் தினமும் பார்க்கிறவன் நான்.

அன்றிலிருந்து வீட்டில் கேப்பைக்களி, எள்ளுருண்டை, தயிர், முருங்கைக்கீரை, முழு நெத்திலி. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊட்டப்போய், பிள்ளைக்கு வயிறு கெட்டு, ஸ்டெஃபி கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றாள். வெயிலும் படவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கறுத்துவிடுவாளே என்று குடை பிடித்தவன், இப்போது கடற்கரையில் கருவாடு காய்கிற இடத்தில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். வலைக்காரர்கள் வந்து இது எப்போது காயும் என்று கேட்டார்கள்.

போன வாரம் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டியபோது அங்கேயே அழுதுவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த அம்மா.

"இனிமே நல்லா ஓடட்டும், குதிக்கட்டும். ஓடியாடுனாத்தான் எலும்பு உரமாவும்."

பெனிஷா காதில் அது மட்டும்தான் விழுந்தது. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். மறுபடியும் விழுந்து, மறுபடியும் முறிந்தால்? எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொன்னால் சிரிக்கிறாள், மாமா சொன்னால் கேட்பாள். ஆகவே நீங்கள் உடனே போன் போட்டு, ஓடக்கூடாது, கேரம் விளையாடு என்று கண்டித்துச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

கடலும் காற்றும் உங்களுக்கு இணக்கமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
மத்தியாஸ்

பி.கு.: தபாலில் சேர்க்கப் போகும் வழியில், பெனிஷா கடற்கரையில் ஓடிப் பழகுவதைப் பார்த்தேன். நிறுத்தலாம் என்று பின்னாலேயே ஓடினேன். என் கண் முன்னால் குப்புற விழுந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடியும் ஓடினாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். பந்தயத்தன்று மட்டும் ஒரு போன் போட்டு, பயப்படாதே என்று சொல்லுங்கள். அவளிடமல்ல, என்னிடம்.